மேலே நின்றது அழுக்கு அல்ல

1

இந்தக் கதை ஒரு பை உடைந்ததில் தொடங்கியது. கிழிந்ததில் இல்லை, உடைந்ததில். குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கும் காஜா எங்கள் ஷெட்டுக்கு வந்து, நாங்கள் செய்த பையை மடித்தார். அப்பளம் போல நொறுங்கியது.

"ஏம்மா, ரம்புட்டான இதுல போட்டா அருவிக்கரை பூரா உருளுமே. பாலிதீனுக்கு அபராதம் போடுதாவன்னுதான் உங்கிட்ட வந்தேன். இன்னும் ஒரு தடவ பாக்கேன். அதுவும் இப்பிடின்னா வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

சமீனா நொறுங்கிய துண்டுகளைப் பொறுக்கினார். வேதியியல் படித்துவிட்டு, பாவூர்சத்திரத்துக்கு வெளியே இந்த ஷெட்டைப் போட்டவர் அவர். காஜாவை விட்டால் பை வாங்க ஆளில்லை. ஷெட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

(முதலில் 'சாரல் பெய்துகொண்டிருந்தது' என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். இந்த ஷெட்டில் மூட்டை தூக்குகிற எனக்குச் சாரல் என்றால் நனைந்த சாக்கு, கூடுதல் கனம். அவ்வளவுதான்.)

2

நான் எழுத்துக் கூட்டவே நாற்பதுக்கு மேல் கற்றவன். வேதியியலை எனக்குப் புரிந்தபடிதான் சொல்வேன்.

சோளத்திலிருந்து வரும், பிளாஸ்டிக் போன்ற குருணையை உருக்கித் தாளாக இழுக்கிறோம். தனியாக விட்டால் விறைத்துப்போகும். இளக்க ஓர் எண்ணெய் வேண்டும். தயிரில் புளிப்பாக இருக்கிற லாக்டிக் அமிலத்தோடு, தண்ணீரில் அவ்வளவாகக் கலக்காத ஒருவகை ஆல்கஹால் சேர்த்துக் கொதிக்கவைத்தால் அது கிடைக்கும்; எஸ்டர் என்று பெயர். கூடவே தண்ணீரும் உண்டாகும். அதை வெளியேற்றாவிட்டால் எஸ்டர் பழையபடி அமிலமாகத் திரும்பிவிடும். ஊரெல்லாம் தண்ணீரைத் தேடி வருகிற இடத்தில் நாங்கள் தண்ணீரை விரட்டிக்கொண்டிருந்தோம்.

(இந்த வாக்கியம் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே சந்தேகம். இருக்கட்டும்.)

3

கொதிகலனில் நிற்பவர் செல்லச்சாமி. வாசுதேவநல்லூரில் வெல்லம் காய்ச்சியவர். கொதிகலனின் ஆவி குளிர்ந்து, கண்ணாடிக் குழாயில் இரண்டு அடுக்காக நிற்கும். அவர் மேலடுக்கை வாளியில் இறக்கிவிட்டு, கீழடுக்கைக் கொதிகலனுக்குத் திருப்புவதைச் சமீனா அன்றுதான் பார்த்தார்.

"அண்ணாச்சி, என்ன செய்யுதிய?"

"அழுக்கு எடுக்கேம்மா. பாகு காய்ச்சயில அழுக்கு மேலதான நிக்கும்."

"மேல நிக்கது ஆல்கஹால். கீழ நிக்கதுதான் தண்ணி."

செல்லச்சாமி வாளியைப் பார்த்தார். "அப்போ இத்தன நாளும் தண்ணியவா திருப்பி ஊத்துனேன்?"

"ஆமா. நானும் சொல்லித் தரல."

4

செல்லச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வாசுதேவநல்லூர் பஸ் ஏறி—

இல்லை. இப்படி எழுதி அவரிடமே வாசித்தேன்.

"ஏலே, நான் எங்க போனேன்? இங்கனதான நிக்கேன். அத அடி."

அடித்தேன். அடுத்து, சமீனா கண் கலங்கி அவர் கையைப் பிடித்து— அதுவும் பொய். சமீனா கொதிகலனைக் கழுவச் சொன்னார். கழுவினோம்.

5

இப்போது புதிய கொதிப்பு ஓடுகிறது. செல்லச்சாமி கீழ்க்குழாயைத் திறந்து தண்ணீரை இறக்குகிறார். கை பழக்கத்தில் மேலே போகும்போதெல்லாம் மறுகையால் தட்டிவிடுகிறார்.

"காஜாட்ட சொல்லுங்கம்மா, இந்தத் தடவ நானே மடிச்சுக் காட்டுதேன்."

பை தாங்குவதாக ஒரு முடிவு எழுதினேன். உடைவதாக ஒன்று. இரண்டையும் கிழித்தேன். கொதிகலன் இறங்குமுன் கதை இறங்கக் கூடாது. அடுத்த முறை என்னுடையது; குழாயைப் பிடிக்கப் போகிறேன்.

நீங்கள் குற்றாலத்துக்கு வந்தால் காஜா எந்தப் பையில் பழம் தருகிறார் என்று பாருங்கள். எங்கள் பை என்றால், தின்று முடித்ததும் இரண்டாக மடித்து நகத்தால் அழுத்துங்கள். சத்தம் கேட்டால் சொல்லி அனுப்புங்கள். மறுபடியும் காய்ச்சுவோம்.