நோர்மாவின் இறந்தகாலம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பலகையிலிருந்து கிடைத்தது. ஜார்ஜ்டவுனில் மழைக்கு ஒதுங்கி ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன் (பெயர் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்). "பூர்வகுடி மக்கள் பாய் பின்னினார்கள்" என்று சுவரில் தமிழில் எழுதியிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு பூர்வகுடிப் பெண் உட்கார்ந்து பாய் பின்னிக்கொண்டிருந்தாள். பலகையை மறுபடி படித்தேன். அந்தப் பலகையை ஒருவன் எழுதியிருக்க வேண்டுமே. அவனுக்கு ரேமண்ட் என்று பெயர் வைத்தேன். அவளுக்கு நோர்மா.

2

"பழமை வாய்ந்த பினாங்குத் தெருக்களில்—"

சேச்சே. சுற்றுலாத் துண்டறிக்கை.

"நோர்மா பிறந்தபோது காட்டில்—"

அவள் பிறந்ததைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அடித்துவிட்டேன். நேராகவே சொல்கிறேன்.

டத்தோ கிராமாட்டில் குடியிருக்கும் ரேமண்டுக்கு, நிதி கேட்டு மனு எழுதும் வேலை. தமிழ்ப் பலகைகளும் அவன் தலையில்தான். நோர்மா தெமியார் என்ற பூர்வகுடி இனத்துப் பெண். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சனிக்கிழமை திறக்கவிருந்த பூர்வகுடிக் கண்காட்சியில் பாய் பின்னிக் காட்டவும் வருகிறவர்களிடம் பேசவும் வந்திருந்தாள். அந்த நேரத்தில்தான் பணம் தரவேண்டிய வெளிநாட்டு அறநிதியின் கடிதம் வந்தது. நிர்வாகி சுஹானா அதை ரேமண்டின் மேசையில் வைத்தாள்.

"மறைந்துபோன பண்பாடுகளுக்கு மட்டும்தான் காசு குடுப்பாங்களாம், ரேமண்ட். மனு, பலகை எல்லாத்தையும் மாத்திடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்."

"நோர்மா கீழதானே உக்காந்திருக்காங்க மேடம். மறைஞ்சுட்டாங்கன்னு எப்படி எழுதுறது?"

"காலத்த மட்டும் மாத்துங்கலா. இல்லாட்டி கண்காட்சியே இல்ல."

(தமிழில் இதற்கு ஒரு வசதி உண்டு. காலம் வினைச்சொல்லின் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஒரு 'கிற'வை உருவி வேறொன்றைச் செருகினால் போதும், வேலை முடிந்தது. பள்ளிக்கூடத்தில் அதற்கு இறந்தகாலம் என்றே பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். பெயர் வைத்தவனுக்கு நல்ல நெஞ்சழுத்தம்.)

3

திங்கட்கிழமை 'வாழ்கிறார்கள்' என்பது 'வாழ்ந்தார்கள்' ஆயிற்று. மதியம் சாப்பிட்டுத் திரும்பிய நோர்மா வாசலில் நின்றாள். ஆள் வந்தால் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு அது. அவளுக்குத் திறக்கவில்லை. ரேமண்ட் உள்ளிருந்து நடந்து வந்ததும் திறந்தது.

"கதவு ரோசாக்கா அண்ணே, கெட்டுப்போச்சா?" என்று கேட்டாள்.

செவ்வாயன்று 'பின்னுகிறார்கள்' போயிற்று. பக்கத்து நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கடைக்கார முஸ்தஃபா ஒரே ஒரு கோப்பை தே தாரிக் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன தம்பி, இன்னிக்கித் தனியாவா?"

ரேமண்ட் கோப்பையை நோர்மாவின் பக்கம் நகர்த்தினான். நோர்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

புதன்கிழமை 'பேசுகிறார்கள்'. அன்று முன்னோட்டம் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். நோர்மா பின்னிக்கொண்டே பேசினாள். "டீச்சர், பாய் தானா அசையுது" என்றாள் ஒரு சிறுமி. "ஏர்கான் காத்துலா, வாங்க" என்று டீச்சர் அவளை இழுத்துக்கொண்டு போனார்.

ரேமண்டால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எல்லாம் நான் செஞ்சதுதான், நோர்மா. உங்க ஆளுங்களப் பத்தி எழுதினத மாத்திட்டேன். பழையபடி ஆக்கிடுறேன். காசு வேணாம்."

காது கொடுத்துக் கேட்டால்தான் அவள் குரல் கேட்டது. "காசு இல்லாட்டி மூடிருவாங்கதானே? சனிக்கிழமை பள்ளிக்கூட பஸ்ல என் மவ வர்றா. எங்க ஆளுங்க பேர சுவத்துல பாக்கணும்னு ரெண்டு வாரமா தூங்கல அவ. நான் போனா போறேன். மூடாதீங்க அண்ணே."

பிறகு அவள் கை நின்றது.

"அந்த வார்த்தைக்குள்ள என் மவளும் இருக்காளா?"

சொல்லின் கடைசியில் வரும் 'ஆர்கள்' பன்மை, எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும். ரேமண்டுக்குப் பதில் தெரியும். மாற்றாமல் மிச்சம் இருந்தது ஒரே சொல், 'இருக்கிறார்கள்'.

4

முடிவு ஒன்று: ரேமண்ட் எல்லாவற்றையும் பழையபடி ஆக்குகிறான். காசு வரவில்லை. இவன் நல்லவனாகிவிடுகிறான், நோர்மாவின் மகள் பூட்டிக்கிடக்கும் கதவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறாள்.

முடிவு இரண்டு: அனுப்பிவிடுகிறான். சனிக்கிழமை பள்ளிப் பேருந்து வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது, யாரும் இறங்கவில்லை. (இதை எழுதிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.)

பாவி ரேமண்ட் என்று திட்டிக்கொண்டே முதலிலிருந்து படித்தேன். நோர்மா நின்றாள். கேட்டாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. இதையெல்லாம் இறந்தகாலத்தில் எழுதியது யார்? எனக்கு எந்த அறநிதியும் கடிதம் போடவில்லை. கதை என்றால் இப்படித்தான் என்ற பழக்கத்தில், காசு வாங்காமலே செய்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

நேற்று அந்த அருங்காட்சியகத்துக்குத் திரும்பவும் போனேன். பாதிப் பாய் தரையில் கிடந்தது. பின்னியவள் எங்கே என்று யாரையும் கேட்க எனக்குத் துணிவில்லை.

என் கையை இனி நான் நம்பமாட்டேன். கடைசிச் சொல்லை நீங்கள் எழுதுங்கள், கொஞ்சம் யோசித்து. சனிக்கிழமை காலை பத்து மணி. நோர்மாவும் அவள் மகளும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நி