காராமணி தின்னி

எங்கள் ஊரில் கூலிபாலி என்று குடும்பப் பெயர் இருந்தால் போதும், கெய்தா குடும்பத்துக்காரன் எவனும் நம்மைக் காராமணி தின்னி என்று கூப்பிடலாம். நாமும் திருப்பிக் கூப்பிடலாம். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் தடையில்லை. கோபம் மட்டும் வரக்கூடாது, அது முன்னோர்கள் போட்ட ஒப்பந்தம். இத்தனைக்கும் எல்லார் வீட்டு அடுப்பிலும் காராமணி வேகத்தான் செய்கிறது. ஆனால் தின்றேன் என்று இரண்டு பக்கத்திலும் இதுவரை ஒருத்தர்கூட ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொண்டால் மானம் போச்சு, பேரப்பிள்ளை காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

நான் சனாபா கூலிபாலி. செகூ சந்தையில் புகை போட்ட மீன் விற்கிறேன். எதிர்க்கடையில் செரிபா கெய்தா மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கிறான். என் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், செரிபாவின் பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். காலையில் கடை திறந்ததும் அவனுக்கு முதல் வேலை என்னைத் திட்டுவது. அந்தத் திட்டு விழாவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது. சொல்ல என்ன வெட்கம், அவன்மேல் எனக்கு ஆசை. கம்பங்களியைக் கிண்டி வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டே தின்று பார்த்தவர்களுக்கு அது புரியும்.

போன வாரம், தலைநகர் பமாக்கோவில் இருக்கும் மகன் கூப்பிட்டுவிட்டான், கடையைக் கொடுத்துவிட்டுப் போகப்போகிறேன் என்று செரிபா டீ குடிக்கிற கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். மீனை அப்படியே போட்டுவிட்டு நேரே போனேன்.

"செரிபா, போகாத. என்னைக் கட்டிக்க."

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அவன் தொடையைத் தட்டிக்கொண்டு, "கேட்டீங்களா? கூலிபாலி வீட்ல காராமணி தீந்துபோச்சாம், எங்க வீட்டுச் சட்டிய எட்டிப் பாக்குறா" என்றான். பாழாய்ப்போன பழக்கம், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

பக்கத்துக்கடை வொரோக்கியாவைத் தூது அனுப்பினேன். உன்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாளா என்று அவளிடமும் சிரித்திருக்கிறான். இத்தனை வருஷம் கேலியே பேசியவள் உண்மையைச் சொன்னால் எவன் நம்புவான்? நம்ப வைக்க எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் இருந்தது.

மறுநாள் காலை சந்தை நிறைந்த நேரத்தில், சமைத்து விற்கிற சட்டிக்காரியிடம் ஒரு தட்டு நிறையக் காராமணி வாங்கினேன். எண்ணெயும் வெங்காயமும் தாராளமாகப் போடச் சொன்னேன். அவன் கடை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். டீ ஊற்றியவன் கோப்பை வழிவதைக் கவனிக்கவில்லை.

செரிபா கையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான். "என்ன பண்ற, சனாபா?" என்றான். அவன் வாயிலிருந்து என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

"காராமணி திங்கிறேன். நான் காராமணி தின்னிதான், எங்கப்பனும்தான். ஊர் முன்னாடி சொல்றேன். இது நெசம்னு நம்புறியா?"

"நம்புறேன்."

"அன்னிக்குக் கேட்டதும் நெசம்தான்."

யாரும் சிரிக்கவில்லை. அவன் கடைக்குள் போய்விட்டான். நான் எழுந்திருக்கவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி ஓடுவதானால் அவன் ஓடட்டும்.

வந்தான். சோப்புப் போட்டுக் கழுவிய கை. எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் தட்டிலேயே கையை விட்டு ஒரு வாய் அள்ளினான். கெய்தா ஒருத்தன், பட்டப்பகலில், இத்தனை பேர் பார்க்க.

"எங்க வீட்லயும் அடிக்கடி இதான்" என்றான், தலையைத் தூக்காமல். "கதவச் சாத்திட்டுத் தனியாத் திங்கிறேன். எறங்கவே மாட்டேங்குது."

தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். முதலில் சாப்பிடு, அப்புறம் வரவில்லை என்று மகனுக்குப் போன் போடு என்றேன்.