ஆற்றுவாய் வெட்டிய பிறகு

கல்லடி வாவிக்கரையில் வலை கட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஓரிடத்தில் வலை தொடர்ந்து வெறுமையாக வந்தால், கம்பைப் பிடுங்கி வேறிடத்தில் ஊன்றிவிடுவார்கள். சுதாகரனும் அப்படித்தான். வாவியில் அந்த வழக்கம் அவனைக் கைவிட்டதில்லை. டொக்டர் தந்த குளிசை விஷயத்தில்தான் காலை வாரிவிட்டது.

மாரி முடிந்ததிலிருந்து அவனுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. விடியுமுன்பே விழிப்பு வரும். ஆனால் பாயை விட்டு எழுவது, சேற்றில் புதைந்த தோணியைத் தனியாக இழுப்பது போலிருக்கும். சோறு மண்ணாகத் தெரிந்தது. தொழில் கூட்டாளி வினாயகமூர்த்தி வாசலில் நின்று, "என்னடா, அடைக்கோழி மாதிரிக் கிடக்காய்? எத்தின முட்டை?" என்று சிரிப்பான். முன்பென்றால் சுதாகரன் வட்டியோடு திருப்பிக் கொடுத்திருப்பான். இப்போது சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தான். "நான் இல்லாட்டி உனக்கு நிம்மதி, புள்ள" என்று ஒருநாள் அவன் சொன்னதும், மனைவி சுலோஜனா அவனைக் கையோடு கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

டொக்டர் ஸாதியா அவசரப்படவில்லை. நித்திரை, பசி, சாக வேண்டும் என்ற எண்ணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தைராய்டு சுரப்பி மந்தமானாலும் இரத்தம் குறைந்தாலும் இதே களைப்பு வரும் என்பதால், இரத்தத்தையும் சோதித்தார். அதெல்லாம் சரியாக இருந்த பிறகுதான், "இது மனச்சோர்வு. சோம்பலில்ல, வருத்தம், ஒரு நோய்" என்றார்.

மூளையின் நரம்புக்கலங்களுக்கு நடுவே நுண்ணிய இடைவெளி இருக்கிறது. ஒரு கலம் செரட்டோனின் போன்ற இரசாயனத்தை அதற்குள் விட, அடுத்த கலம் சேதியை வாங்கிக்கொள்ளும். பிறகு விட்ட கலமே அதைத் திரும்ப உறிஞ்சிவிடும். குளிசை அந்த உறிஞ்சலைத் தடுக்கும். இதை விளக்கிவிட்டு டொக்டர் சொன்னார்: "அது குறைஞ்சதாலதான் வருத்தம் வந்த எண்டு ஒரேயடியாச் சொல்லேலா. முழுசா இன்னும் எங்களுக்கே தெரியா. ஆனா இந்தக் குளிசை நிறையப் பேருக்கு உதவுது. சில கிழமை பொறுக்கணும்."

சுதாகரன் ஒரு கிழமை, ஏழே நாள், பொறுத்தான். வயிற்றைப் பிரட்டியதைத் தவிர எதுவும் நடக்கவில்லை. வலை வெறுமை, அவன் கம்பைப் பிடுங்கிவிட்டான். மிச்சக் குளிசையை மீன்கூடைக்கு அடியில் ஒளித்து வைத்தான். கூடையைக் கழுவ எடுத்த சுலோஜனாவின் கையில் அது அகப்பட்டது.

"இதென்ன மச்சான், இறாலுக்குத் தீனியா?"

மறுபடியும் கிளினிக்.

டொக்டர் ஏசவில்லை. "ஏன் நிப்பாட்டினீங்க?"

"ஒண்டும் படல்ல டொக்டர்."

"இரசாயனம் குளிசை போட்ட அண்டைக்கே கூடத் தொடங்கிரும். மனம் தெளியத்தான் நாள் எடுக்கும். அந்த மாற்றத்துக்கு ஏத்த மாதிரி கலமெல்லாம் மெதுமெதுவாத் தன்னத் திருத்தணும், புதுத் தொடுப்புகள் வளரணும்."

சுதாகரன் நிமிர்ந்தான். பல நாளுக்குப் பிறகு அவனுக்கு ஒன்றைக் கேட்கத் தோன்றியது.

"ஆத்துவாய் வெட்டுற மாதிரியா?"

"அதெப்படி? சொல்லுங்களன்."

"மாரி வெள்ளத்தில வவுணதீவுப் பக்கம் வட்டை வயலெல்லாம் தாழும். அப்ப வாவி கடலோட சேர்ற முகத்துவாரத்து மண் திட்ட வெட்டிவிடுவாங்க. வெட்டின அண்டைக்கே தண்ணி வத்தத் தொடங்கும். ஆனா அண்டைக்கே இறால் படாது. கடலால குஞ்சு உள்ள வரணும், வாவிக்குள்ள கிடந்து வளரணும்."

"இடையில மண் மூடினா?"

"பிறகெப்படிக் குஞ்சு வரும்?"

"அப்ப மூடினது ஆரு மச்சான்?" என்றாள் சுலோஜனா.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் குளிசையை அவளிடமிருந்து வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சாகும் எண்ணம் தலைகாட்டினால் உடனே சுலோஜனாவிடம் சொல்வதாகவும், தன்பாட்டில் மருந்தை நிறுத்துவதில்லை என்றும் டொக்டருக்கு வாக்குக் கொடுத்தான்.

அடுத்த சில நாட்களும் பாரமாகவே போயின. ஒருநாள் விடியலில் தேத்தண்ணியோடு குளிசையை விழுங்கி, கால் தரையில் உரச உரச வாவிக்கரைக்கு நடந்தான். வினாயகமூர்த்தி வாய் பிளந்தான்.

"சுகமாயிற்றாடா?"

"இல்ல."

"பிறகேன் வந்தாய்?"

"ஆத்துவாய் வெட்டிக் கிடக்கு. இந்த முறை மூட விடமாட்டன்" என்ற சுதாகரன், தோணியின் விளிம்பில் தோளைக் கொடுத்தான். "பாத்துக்கொண்டு நிக்காத. தள்ளு."