தபாலில் போன கார்டு

இன்பநாதன் அமெரிக்க மாநிலமொன்றின் சட்டசபையில் இரண்டு தவணை இருந்தவர். மூன்றாம் முறை பதினோராயிரம் வீட்டுக் கதவுகளைத் தட்டியும் பத்தொன்பது வாக்குகளால் தோற்றார். தொகுதியிலிருந்த சொந்தக்காரர் இருபத்திரண்டு பேர். அதே வருடம் மூத்த மகளின் கல்யாணக் கார்டை அவர்களுக்கு நேரில் கொடுக்காமல் தபாலில் அனுப்பியது பிறகுதான் உறைத்தது.

இந்த முறையும் தேர்தலில் நிற்கிறார். ஆகவே இளைய மகளின் கல்யாணக் கார்டோடு நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கே விமானம் ஏறினார். அங்கே மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கும் அன்னபாக்கியம் மச்சாளின் சொல்லைத் தட்டாத தம்பிமார் மூவர் அவருடைய தொகுதியில்தான் இருக்கிறார்கள்.

மச்சாள் கார்டைப் பிரிக்கவில்லை. இன்பநாதனுக்குப் பின்னால் வாசலை எட்டிப் பார்த்தார்.

"மனிசி வரேல்லையோ?"

"அவவுக்கு லீவு கிடைக்கேல்லை மச்சாள்."

"ஓம், அதுக்கென்ன. லீவு கிடைச்ச பிறகு ரெண்டு பேருமா வந்து சொல்லுங்கோ" என்று கார்டைத் திருப்பி அவர் கையிலேயே வைத்தார்.