இந்த வருஷத்துக் குற்றவாளி

சாவி அட்டையை மறுபடியும் செருகியபோதுதான் கதவில் பச்சை விளக்கு எரிந்தது. சின்னவள் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, நுழையும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

“அம்மாவுக்கு செருப்பு கடிக்குதாம்ப்பா. மியூசியத்துல முதல் ஹாலைக்கூட தாண்டல. ஏதோ ஒரு ராஜாவோட வாளுக்கு முன்னாடி உக்காந்துட்டு, பழைய செருப்பு வந்தாத்தான் எந்திரிப்பேன்னுட்டாங்க. புதுச் செருப்பு வாங்கினது அவங்க, கடிக்கிறது செருப்பு, பழி எனக்கு.”

ஜன்னலோர நாற்காலியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்பா பதில் சொல்லவில்லை. அது ஒன்றும் புதிதில்லை. நேற்று மாலை அறைக்கு வந்ததிலிருந்தே அவர் அந்த நாற்காலியின் சொத்தாகிவிட்டார். காலையில் எல்லோரும் கிளம்பியபோதும், “நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு இங்கேயே நெறைய இருக்கு” என்று கையை மட்டும் அசைத்தார்.

அவள் கட்டிலுக்கடியில் தலையை விட்டுத் துழாவினாள். “அண்ணன் வேற ஒவ்வொரு சிலையா நின்னு, இதுக்கு மூக்கு எப்படி உடைஞ்சிருக்கும்னு ஆராய்ச்சி பண்றான். லீவுல வந்தாலும் ஆபீஸ் புத்தி போகல. நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

செருப்பு கிடைத்தது. நிமிர்ந்தவள் கண்ணில் மேஜை மேல் இருந்த காபி பட்டது. மேலே ஆடை கட்டியிருந்தது. அப்பா காபியை ஆறவிடுகிற ஆள் இல்லை.

செருப்பும் கையுமாக முன்னால் போய்ப் பார்த்தாள். அவர் தலை லேசாகச் சாய்ந்து, ஜன்னல் சட்டத்தில் முட்டுக்கொடுத்தது போல இருந்தது. கண்கள் திறந்திருந்தன. சின்னவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கண்களைப் பார்க்கிறவள். ஒரு கண் பார்க்கிறதா, வெறுமனே திறந்திருக்கிறதா என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனாலும் “அப்பா” என்றாள். பிறகு, செருப்பைக் கீழே வைத்துவிட்டு, கடையில் செய்வது போலவே, இரண்டு கைகளாலும் காதோரம் பிடித்து, முடி இழுபடாமல் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கட்டில் மேல் வைத்தாள். மணிக்கட்டைத் தொட்டாள். இமைகளை மூடினாள். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியாததால் அவர் பார்த்துக்கொண்டிருந்ததைத் தானும் பார்த்தாள்.

கீழே ஊரின் நடுச் சந்திப்பு. ரயில் நிலையத்திலிருந்து ஒரு சாலை, மார்க்கெட்டிலிருந்து ஒன்று, கோர்ட்டுப் பக்கமிருந்து ஒன்று, எங்கிருந்து என்று தெரியாமல் இன்னொன்று. எல்லாம் வந்து மோதுகிற இடத்தில் ஒரு சிக்னல்கூடக் கிடையாது. பஸ், சைக்கிள், தள்ளுவண்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், தலையில் மெத்தையைச் சுமந்த ஒரு ஆள். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே போனார்கள், எல்லோரும் வெளியே வந்தார்கள். ஒருவர் மேல் ஒருவர் உரசவில்லை.

அப்பா வேலை பார்த்த காலமெல்லாம் மாநகராட்சியில் சிக்னல் விளக்கு பழுதுபார்த்தவர். சிவப்பு எத்தனை நேரம், பச்சை எத்தனை நேரம் என்பதில்தான் மனித குலத்தின் தலையெழுத்து இருக்கிறது என்று நம்பியவர். ஆளில்லாத தெருவில் சிவப்புக்கு நிற்பார்; நிற்காதவர்களோடு வீட்டில் பேச மாட்டார். நேற்று அந்த மனிதர் ஜன்னல் திரையை விலக்கியதும் அப்படியே நின்றுவிட்டார்.

“யாருடி இதுக்கு டைம் போட்டது?”

“யாரும் போடலப்பா. அதுவா போகுது.”

“ஒருத்தனும் ஒருத்தனைப் பார்க்கிற மாதிரி தெரியல,” என்றார் வெகுநேரம் கழித்து. “ஆனா எல்லாரும் எல்லாரையும் பார்க்கிறான்.” தன் மொத்த சர்வீஸையும் ஒரு ஊர் அலட்சியமாகத் தள்ளிவிட்டுப் போகிறதே என்ற வருத்தம் துளிக்கூட இல்லை. கடலை முதல்முதலாகப் பார்க்கிற பிள்ளையின் முகம் அது.

அவள் ரிசப்ஷனுக்குப் போன் செய்தாள். பிறகு அண்ணனுக்கு.

“செருப்பு கிடைச்சுதா?” என்றான்.

“வாங்கண்ணா.”

“நீ எடுத்துட்டு வா. அம்மா நடக்க மாட்டேங்கறாங்க.”

“வாங்கண்ணா,” என்றாள் மறுபடி. அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

போனைக் கீழே வைத்த பிறகுதான் அவளுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு. வருஷத்துக்கு ஒரு வெளியூர்ப் பயணம். வருஷத்துக்கு ஒருவர் ஹோட்டலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவர் அந்த வருஷத்துக் குற்றவாளி. மழை பெய்தால், ரயில் தாமதமானால், யாருக்காவது வயிற்றைக் கலக்கினால், “ரூம் யார் போட்டது?” என்று சிரித்துக்கொண்டே ஒரு கேள்வி, எல்லாம் அவர் தலையில். சட்டத்தை இயற்றியவர் அப்பா. “பழி ஒரு இடத்துல இருந்தாத்தான் மத்தவங்க நிம்மதியா ஊர் சுத்த முடியும்” என்பது அதற்கு அவர் சொன்ன விளக்கம்.

குற்றங்கள் சாதாரணமானவை அல்ல. அம்மா ஒரு தடவை, அவசரத்துக்கு உதவும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரெதிரே அறை எடுத்தாள். விடுமுறை முழுக்க ஆம்புலன்ஸ் சத்தத்திலேயே போயிற்று, அவசரம்தான் வரவில்லை. போன வருஷம் அண்ணன், பெரியவன். ‘விமான நிலையத்துக்கு மிக அருகில்’ என்று விளம்பரத்தில் படித்துப் பூரித்து ரூம் போட்டான். அவர்கள் வந்தது ரயிலில். ஊரைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. பெரியவனுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. மோதிய வண்டிகளைப் பார்த்து யார் மேல் தப்பு என்று எழுதித் தருகிறவன். யார் மேல் தப்பு என்று அவன் எழுதாமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

இந்த வருஷம் சின்னவளின் முறை. வாரக்கணக்கில் போனில் வரைபடத்தை விரித்துப் பார்த்து, நடு ஊரில் போட்டாள். அவளுடைய கணக்கு எளிமையானது. குடும்பத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ, அவர் களைத்துப் போனால் தனியாகவே அறைக்குத் திரும்ப முடிய வேண்டும். மற்றவர்களின் பொழுதும் கெடாது, அவருக்கும் மானம் போகாது. மெதுவாக நடப்பவர் யார் என்று அவளும் சொல்லவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

பெரியவன் மட்டும் சண்டை போட்டான். “நடு ஊர்ல போட்டா ராத்திரியெல்லாம் ஹாரன். அப்பா நெஞ்சுக்கு இதெல்லாம் ஆகுமா? தூங்கவே மாட்டார் பாரு.”

அப்பா தூங்கவில்லைதான். இன்று காலை அவர் கண் சிவந்திருந்ததைப் பெரியவன் சுட்டிக்காட்டி, “பார்த்தியா?” என்றான். அப்பா பல் துலக்கிக்கொண்டே, “இந்த வருஷத்துக் குற்றவாளி ரொம்பப் பெரிய ஆளுடா” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, தீர்ப்பாக எடுத்துக்கொள்வதா என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாள்.

ரிசப்ஷனிலிருந்து அழைத்த டாக்டர் எதிர்ச்சாரியிலிருந்து நடந்தே வந்துவிட்டார். சந்திப்புக்குள் வெள்ளைக் கோட்டு ஒன்று இறங்கி, பஸ்களுக்கு நடுவே அவசரமில்லாமல் மிதந்து வருவதை அவள் ஜன்னலிலிருந்தே பார்த்தாள். ஹோட்டல் விளம்பரத்தில் ‘எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்’ என்று பூங்கா, மியூசியம், கடைவீதி எல்லாம் போட்டிருந்தார்கள். டாக்டரைப் போடவில்லை.

அவர் எல்லாம் பார்த்து முடித்து, ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டினார். சின்னவள் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“இந்தச் சத்தத்தாலயா டாக்டர்?”

“எந்தச் சத்தம்?”

“கீழ. ஹாரன். ராத்திரி அவர் தூங்கல.”

டாக்டர் காதைச் சாய்த்து, முதல் தடவையாகக் கேட்பவர் போலக் கேட்டார். “நான் பொறந்ததுலேருந்து இங்கதாம்மா தூங்குறேன்,” என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “இதயம் நிக்கணும்னா நிக்கும். அதுக்கு ஊர் கணக்கு கிடையாது” என்றார். உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர் அந்தக் குடும்பத்தின் சட்டம் தெரியாதவர்.

அம்மா வெறுங்காலோடு வந்தாள். கடித்த செருப்பு கையில் இருந்தது. பெரியவன் அவளுக்குப் பின்னால், படியேறி வந்த மூச்சோடு, வாசலிலேயே நின்றான். அம்மா நேராகப் போய் அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“சட்டையையாவது மாத்தியிருக்கலாம்ல,” என்றாள் அவரிடம். “நாலு பேர் வந்து பார்ப்பாங்க. ரயில்ல போட்டுட்டு வந்த சட்டை.”

பெரியவன் ஜன்னலைப் பார்த்தான், காபியைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான். மோதிய வண்டியைச் சுற்றி வருவது போல அறையை ஒரு சுற்று வந்தான். சின்னவள் சுவரோடு ஒட்டி நின்றாள். கேள்வி எப்போது வேண்டுமானாலும் வரலாம். செருப்புக் கடிக்கும் மழைக்கும் எத்தனையோ முறை சிரித்துக்கொண்டே கேட்கப்பட்ட கேள்வி. அவன் கேட்காவிட்டால் இன்னும் மோசம். ஆயுள் முழுக்க கேட்காமலே இருப்பான்.

கதவை மெல்லத் தட்டிவிட்டு மேனேஜர் வந்தார். கழுத்தில் டை, அதைக் கழற்றுவதா வேண்டாமா என்று பாதியில் யோசித்து நிறுத்தியது போலத் தளர்த்தியிருந்தார்.

“வருத்தமான நேரம்தான். மன்னிக்கணும். போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு தகவல் சொல்லணும், அவ்வளவுதான். ரூம் யார் போட்டது?”

அந்த அறையிலேயே அந்தக் கேள்வியின் எடை தெரியாதவர் அவர் ஒருவர்தான். சின்னவள் உதட்டைப் பிரித்தாள்.

“நான்தான்,” என்றான் பெரியவன்.

மேனேஜர் கையிலிருந்த போனைப் பார்த்தார். “இதுல ஒரு லேடி பேர் இருக்கே சார்.”

“விரலால அமுக்கினது அவ. நடு ஊர்ல போடுன்னு சொன்னது நான்.”

“இவன் எங்க சொன்னான்,” என்றாள் அம்மா, அப்பாவின் பாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “இவன் வேண்டாம்னுதான் குதிச்சான். நான் சொல்லித்தான் போட்டது. என் பேரை எழுதிக்கோங்க தம்பி.”

“அம்மா, நீங்க சும்மா இருங்க. நான்தான் சார்.”

மேனேஜர் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். ஒரு அறையை எடுத்ததற்கு இவ்வளவு போட்டியை அவர் தொழிலில் கண்டிருக்க மாட்டார். சின்னவளும் கண்டதில்லை. அந்தக் குடும்பத்தின் சரித்திரத்தில் யாரும் வலிய வந்து குற்றவாளி ஆனதே கிடையாது. அவள் பேச நினைத்து அண்ணன் பக்கம் ஓர் அடி வைத்தாள். பெரியவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கட்டில் மேலிருந்த அப்பாவின் கண்ணாடியை எடுத்து, தன் சட்டை நுனியால் துடைத்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். துணியால் துடைத்தால் கோடு விழும் என்று அவள் அவனுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். இப்போது சொல்லவில்லை.

போலீஸ்காரர் ஒருவர் வந்து, டாக்டரிடம் பேசி, தலையசைத்துவிட்டுப் போனார். வேன் வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. முன்வாசல் வேண்டாம், பின்பக்கம் சரக்கு லிஃப்ட் இருக்கிறது என்று மேனேஜர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரியவன் ஸ்ட்ரெச்சரோடு லிஃப்டில் போனான். சின்னவள் அம்மாவுக்குப் பழைய செருப்பைப் போட்டுவிட்டு, கையைப் பிடித்துப் படியில் இறக்கினாள்.

பின்கதவைத் திறந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள்.

அது அவர்கள் பார்க்காத சந்து. ஊரின் சத்தம் ஒரு சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டிருந்தது. சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கொடிகள் கட்டி, ஹோட்டலின் அத்தனை படுக்கைவிரிப்புகளையும் காயப்போட்டிருந்தார்கள். வெள்ளைக்குப் பின்னால் வெள்ளை, அதற்குப் பின்னால் இன்னும் வெள்ளை. சாய்ந்த வெயில் எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து வந்தது. எங்கோ அதற்கு அப்பால் வேனின் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரெச்சர் லிஃப்டிலிருந்து வெளியே வந்தது. துணி துவைக்கிற ஒருவர் பக்கெட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், முதல் விரிப்பின் நுனியைப் பிடித்துத் தலைக்கு மேல் உயர்த்தினார். அவர்கள் குனியாமல் உள்ளே போனார்கள். அடுத்ததை உயர்த்தினார். அதற்கு அடுத்ததை. அம்மா நடந்த வேகத்துக்கு அவரும் நடந்தார்.

கடைசி விரிப்பைக் கடக்கும்போது அதன் ஈர ஓரம் சின்னவளின் தோளில் பட்டது. பெரியவன் கையை நீட்டி அதை விலக்கி, அவள் தாண்டும் வரை பிடித்துக்கொண்டு நின்றான்.