கார்ல் போனை எடுக்கவில்லை

அரவிந்தன் ஊருக்கு வந்து இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. திரும்பிப் போகும் விமானத்துக்கு இன்னும் எட்டு நாள். திரும்பிப் போவதில்லை என்று வந்திறங்கிய முதல் வாரத்திலேயே அவன் முடிவு செய்துவிட்டான். அதைச் சொல்ல வேண்டியவர்கள் இரண்டே பேர்தான். இரண்டு பேரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

ஒருத்தி மனைவி கவிப்பிரியா. போரூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. இன்னொருவர் கார்ல், வயது எழுபத்தாறு. கனடாவில் ஆல்பர்ட்டா மாநிலத்தில் இருநூற்று நாற்பது மாடுகளும் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளியுமாக ஒரு பண்ணைக்குச் சொந்தக்காரர். அரவிந்தனுக்கு நாலு வருடமாக முதலாளி.

இடம் மாறுவது அவனுக்குப் புதிதல்ல. கால்நடைப் பராமரிப்பில் டிப்ளமோ முடித்து இருபத்து நாலு வயதில் கிளம்பியவன். சவுதியில் மூன்று வருடம் பால் பண்ணை. அங்கே ஒரு நாள் காலையில் போதும் என்று தோன்றியது, அடுத்த மாதமே கிளம்பிவிட்டான். நியூசிலாந்தில் இரண்டு வருடம் இருந்துவிட்டு அதையும் அப்படியே விட்டான். கார்லின் பண்ணையைத்தான் விட முடியவில்லை.

காரணம், போன மார்ச் மாதம் நடந்த ஒரு விஷயம். மாடுகளின் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து கார்லுக்கு இடுப்பெலும்பு உடைந்துபோனது. அரை மணி நேரம் கழித்து அரவிந்தன்தான் பார்த்தான். தார்ப்பாயில் உருட்டி, இழுத்து, வண்டியில் ஏற்றி, நாற்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கார்ல், நீ இல்லாவிட்டால் செத்திருப்பேன் என்றார். அதிகம் பேசாத மனிதர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் அரவிந்தனைக் கட்டிப்போட்டுவிட்டது. அந்தப் பருவத்தில் கன்று ஈன்ற மாடுகள் அத்தனையையும் அவன் ஏறக்குறைய தனியாளாகவே பார்த்துக்கொண்டான். உறையும் குளிரில் பிறந்த கன்றுகளை வண்டிக்குள் தூக்கிப் போட்டு, ஹீட்டரைத் திருப்பிவிட்டு, துண்டால் தேய்த்துத் தேய்த்து உயிர் கொடுத்தான்.

இப்போது பிப்ரவரி வருகிறது. மறுபடியும் கன்று ஈனும் காலம். கைத்தடி ஊன்றி நடக்கும் கிழவரை விட்டுவிட்டு எப்படித் திரும்பிப் போகாமல் இருப்பது? கவிப்பிரியாவிடம் முதலில் சொல்லி, அப்புறம் கார்லின் குரலைக் கேட்டு மனசு மாறிவிட்டால் அவளை இரண்டு தடவை ஏமாற்றியதாகிவிடும். அதனால் கார்லிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போன் போட்டான். அங்கே அப்போது ஞாயிறு மாலை ஆறரை. கார்ல் சாப்பிட்டு முடித்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரம். மணி அடித்து அடித்து நின்றது. செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அங்கே குளிர் எவ்வளவு என்று போனில் பார்த்தான். மைனஸ் முப்பத்து நாலு. அதற்குப் பிறகு அவனுக்கு வேறு எதுவும் ஓடவில்லை. தண்ணீர்த் தொட்டியும், பனியில் கிடக்கும் கார்லின் தொப்பியுமே கண்ணுக்குள் நின்றன. பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் போன் போட்டான். அவர்கள் குளிருக்குப் பயந்து மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி தெற்கே போயிருந்தார்கள். நகரத்தில் இருக்கும் கார்லின் மகளுடைய எண் அவனிடம் இல்லை.

"இன்னா மாமா, ரெண்டு நாளா போனையே மொறைச்சுகினு கீற?" என்று கேட்டாள் கவிப்பிரியா. அவள் அவனுக்குத் தாய்மாமன் மகள்.

கிழவர் போனை எடுக்கவில்லை என்பதை மட்டும் சொன்னான். அவள் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்தாள்.

"அந்த ஊரு போலீசுக்குப் போடேன். இங்கருந்து போட முடியாதா?"

அது அவனுக்குத் தோன்றவே இல்லை. புதன்கிழமை காலையிலும் கார்ல் எடுக்காததால், எட்டு மணிக்கு அந்த மாவட்டப் போலீசை அழைத்து விவரம் சொன்னான். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பாடியில் இருக்கும் அக்கா கன்னியம்மாவைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தான். கவிப்பிரியா வேலைக்குக் கிளம்பியதும் அவனும் ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறினான்.

பாடி மேம்பாலத்துக்கு முந்தின நிறுத்தம் வரும்போது போன் அடித்தது. கார்லின் எண். கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கி, லாரிச் சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினான்.

"நான் சாகவில்லை," என்றார் கார்ல். "போலீஸ்காரன் வாசலில் நிற்கிறான். உன்னோடு பேசினால்தான் போவானாம்."

மூடியிருந்த ஒரு கடையின் படியில் அரவிந்தன் உட்கார்ந்துவிட்டான். ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்டபோது குரல் கோபமாகத்தான் வந்தது. கார்ல் போலீஸ்காரரை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம், எடுக்கப் பயமாக இருந்தது என்றார்.

மாடுகளை விற்றுவிட்டாராம். போன வாரமே பேசி முடித்தாயிற்று. கன்று ஈனத் தொடங்குவதற்கு முன்னால் லாரிகள் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். இடுப்பு உடைந்த அன்றைக்கே இனி முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மகளோடு நகரத்தில் போய் இருக்கத்தான் ஆசை. ஆனால் அரவிந்தனுடைய வேலை அனுமதி அந்தப் பண்ணையின் பெயரில்தானே இருக்கிறது? வந்த புதிதில் அவன் நிரந்தரக் குடியுரிமை வாங்கி மனைவியை அழைத்துவரப் போவதாகச் சொல்லியிருந்தான். தன் உயிரைக் காப்பாற்றியவனின் காகிதங்கள் கைக்கு வரும்வரை எப்படியாவது பண்ணையை நடத்திவிடலாம் என்று பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாராம். இந்தக் குளிரில் தனியாகத் தீவனம் போட்டதில் அந்தப் பிடிவாதமும் போய்விட்டது. விற்றுவிட்டு, அவன் பெயர் போனில் வரும்போதெல்லாம் குற்றவாளி மாதிரி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"என்னை மன்னித்துக்கொள்," என்றார். "வேறு பண்ணையில் சொல்லி வைக்கிறேன்."

அரவிந்தன் சிரிக்க ஆரம்பித்தான். குடியுரிமை ஆசையை விட்டு இரண்டு வருடமாகிறது. கடைக்குப் போகவே நாற்பது கிலோமீட்டர் போக வேண்டிய ஊருக்கு வரமாட்டேன் என்று கவிப்பிரியா அப்போதே சொல்லிவிட்டாள். அதைக் கார்லிடம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. இப்போது எல்லாவற்றையும் சொன்னான். திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்ததையும், சொல்லப் பயந்து மூன்று வாரம் திண்டாடியதையும், திருவள்ளூர் பக்கம் ஒரு பால் பண்ணையில் மேற்பார்வை வேலைக்குப் பேசி வைத்திருப்பதையும்.

கார்ல் சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார். நாம் இரண்டு பேரும் முட்டாள்கள் என்றார். அவனுடைய பனிக்காலச் சட்டைகளையும் பூட்சையும் என்ன செய்வது என்று கேட்டார். யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றான் அரவிந்தன். மாடுகளை வாங்கியவர் எப்படிப்பட்டவர் என்று விசாரித்தான். நல்லவர்தான், கன்று ஈனும் காலத்துக்கு நாலு ஆள் வைத்திருக்கிறார் என்று கார்ல் சொன்னதும் அவனுக்கு இன்னும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. போனை வைப்பதற்கு முன்னால் கார்ல், நீ நல்ல வேலைக்காரன் என்றார். நாலு வருடத்தில் அதை அவர் சொன்னதில்லை.

உடனே கவிப்பிரியாவுக்குப் போட்டான். கிழவர் நன்றாக இருக்கிறார் என்றான். தான் இனிமேல் போகப் போவதில்லை என்றும் அதே மூச்சில் சொன்னான்.

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. அவள் கதவைத் திறந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

"எப்போ முடிவு பண்ண?"

"வந்த வாரமே."

"அப்போ ஏன் மாமா எங்கையில சொல்லல? நான் தினம் காலண்டரைப் பார்த்துகினு கீறேன். கேட்டா நீ போறேன்னு சொல்லிடுவியோன்னு கேக்காமலே இருந்தேன்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரத்தம் எடுக்க ஆள் காத்திருக்கிறது, சாயங்காலம் வந்து உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று மிரட்டிவிட்டு வைத்தாள்.

அடுத்த பஸ்ஸுக்கு அவன் காத்திருக்கவில்லை. மேம்பாலத்தின் அடியால் நடந்தே அக்கா வீட்டுக்குப் போனான். கன்னியம்மா தோசை ஊற்றிப் போட்டாள். ஏழாவது தோசையில் அவளே எண்ணிக்கையை விட்டுவிட்டாள். தம்பிக்கு இன்னா ஆச்சு என்று அவள் கேட்க, வாய் நிறையத் தோசையோடு அவன் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.