பில்லில் இல்லாத பெயர்

ஊரடங்கு தொடங்கிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. நான்கு பை மளிகையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போன பீர் முஹம்மது, போன வேகத்திலேயே திரும்பி வந்தார். பைகளைக் கடை வாசலில் இறக்கி வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"இன்னாங்க, வீட்ல ஆள் இல்லியா?" என்றாள் சகினா.

"வேணாமாம்."

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். ராஜா அண்ணாமலைபுரத்துத் தெருமுனையில் புருஷனும் பெண்டாட்டியுமாக அவர் பெயரிலேயே அந்தக் கடையைத் தொடங்கி இருபத்திரண்டு வருடம். கடையில் நின்று பேசுவது, சண்டை பிடிப்பது எல்லாம் சகினாவின் பொறுப்பு. வீடு வீடாகப் போய்ச் சாமான் கொடுப்பது அவருடையது.

என்ன நடந்தது என்பது மறுநாள் ஹம்சினி வந்த பிறகுதான் தெரிந்தது. பின்தெரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கும் பெண் அவள். முகக்கவசத்துக்கு மேலே கண் கலங்கியிருக்க, போனை நீட்டினாள்.

"ஆன்ட்டி, இத நீங்க பாக்கணும். எனக்கே வெக்கமா இருக்கு."

குடியிருப்புக்காரர்களின் வாட்ஸ்அப் குழு. சங்கச் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் எழுதியிருந்தார்: 'முனைக்கடை பாயிடம் இனி யாரும் எதுவும் வாங்க வேண்டாம். அவர்கள் ஆட்களால்தான் நோய் பரவுகிறது என்று டிவியில் செய்தி பார்த்திருப்பீர்கள். நம் பாதுகாப்புக்காக மட்டுமே.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

கட்டைவிரல் வைத்தவர்களை சகினா ஒவ்வொரு பெயராகப் படித்தாள். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் தீர்ந்துவிட்டது என்று பூட்டிய கடையைத் திறக்கச் சொன்னவள் இருந்தாள். கால் முறிந்து கிடந்தபோது பீர் முஹம்மது மாதக்கணக்கில் மூன்று மாடி ஏறித் தண்ணீர்க் கேன் வைத்துவிட்டு வந்தாரே, அந்த மனிதரும் இருந்தார். சகினாவுக்குக் காது மடல் வரை சுட்டது.

"கேட்ல நிக்க வெச்சு இன்னா சொன்னாரு அந்த ஆளு?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"வுடு சகினா. ஊரே பயந்துகினு கீது."

"பயந்தா எல்லாக் கடைக்கும் பயப்படட்டும். நம்ம கடைக்கு மட்டும் இன்னா தனிப் பயம்?"

பீர் முஹம்மது உள்ளே போய் மூட்டைகளை அடுக்க ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் ஹம்சினியைத் தவிர அந்தக் கட்டடத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடீரென்று அறிவித்தார்கள்: ஞாயிறு முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் திறக்கக் கூடாது. சனிக்கிழமை விடிந்ததும் வரிசை தெருவைத் தாண்டிப் போனது. ஆன்லைன்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். தரையில் போட்டிருந்த சுண்ணாம்பு வட்டங்களை யாரும் மதிக்கவில்லை. அன்று ரம்ஜானின் முதல் நோன்பு வேறு. நாக்கு வறள, முகக்கவசத்துக்குள் மூச்சு முட்ட, சகினா உட்காராமல் எடைபோட்டுக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணி வாக்கில் நிமிர்ந்து பார்த்தால், எதிரே ஸ்ரீனிவாசராகவன். கையில் பட்டியல்.

"துவரம்பருப்பு ரெண்டு கிலோ, உளுந்து ஒரு கிலோ..."

"சார், எங்களப் பத்தி உங்க குரூப்புல இன்னா எழுதினீங்க?"

அவர் பட்டியலை மடித்தார். "அது கமிட்டியில பேசி எடுத்த முடிவும்மா. நீங்க தப்பா எடுத்துக்கப்படாது."

"வேற எப்டி எடுத்துக்கறது? சொல்லிக் குடுங்க, எடுத்துக்கறேன்."

"சீக்கிரம்மா, நேரமாவுது" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

"நில்லுங்க! எல்லாருக்கும் உண்டு!" என்று கத்தினாள் சகினா. "இருவத்திரண்டு வருசமா இவரு தூக்கினு வந்து குடுத்த அரிசியத்தான சாப்ட்டீங்க? அப்பல்லாம் இல்லாத நோயி இப்ப இவரு கைல எங்கேர்ந்து வந்துச்சு? இன்னிக்கி அதே கை பிரிச்சுக் குடுத்தா மட்டும் ஒட்டிக்காதா?"

ஸ்ரீனிவாசராகவன் முகம் சிவந்துவிட்டது. உள்ளே மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "பாய், மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கோ. ஆத்துல வயசானவா இருக்கா, அந்தப் பயத்துல..." என்றார்.

"பரவால்ல சார், பரவால்ல" என்று பீர் முஹம்மது அவசர அவசரமாகத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல்தான் சகினாவின் ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. பருப்பை அளந்து, கட்டி, மேஜைமேல் பொத்தென்று வைத்தாள். "சோத்துக்கு இல்லன்னு நான் யாரையும் அனுப்ப மாட்டேன். ஆனா 'பரவால்ல'ன்னு சொன்னது அவரு. நான் சொல்லல. அது தெரிஞ்சுகினு போங்க."

அன்று நோன்பு திறந்து தண்ணீர் குடித்த பிறகு, பீர் முஹம்மது தரையைப் பார்த்தபடி பேசினார்.

"அவர அப்டி நிக்க வெச்சுக் கேட்டிருக்க வேணாம். சாமானத் திருப்பி அனுப்பின அன்னிக்கி நானே ஒண்ணு சொல்லிப் பாத்தேன். பில்லுல கடை பேரு போடல சார், சாமான கேட்டுக்கு வெளிய வெச்சிட்டுப் போயிடறேன், யாரு கடைன்னு யாருக்கும் தெரிய வேணாம்னேன். அதுக்கும் ஒத்துக்கல."

சகினா கையிலிருந்த பேரீச்சம்பழத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள். "உங்க பேரு இன்னா திருட்டுச் சாமானா, மறைச்சு வெச்சு விக்க?"

அவர் நிமிரவே இல்லை. சகினாவுக்கு அழுகை வருவதுபோல் இருந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை கடை திறந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் அதே குடியிருப்பிலிருந்து போன் மேல் போன். பதினொரு வீட்டுக்குச் சாமான் வேண்டுமாம். சகினா எல்லாவற்றையும் கட்டி முடித்து, தடித்த மார்க்கர் பேனாவை எடுத்து ஒவ்வொரு பையிலும் 'பீர் முஹம்மது மளிகை' என்று உள்ளங்கை அகல எழுத்தில் எழுதினாள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றார் பீர் முஹம்மது.

"வண்டிய எடுங்க. நானும் வரேன்."

கேட்டில் காவலாளி சக்திவேல் தயங்கினான். "அக்கா, உள்ள வுடக் கூடாதுன்னு ஆர்டரு."

"எங்களுக்கு மட்டுமா?"

"இல்லக்கா, இப்ப எல்லாருக்கும்."

"அப்ப சரி."

பெயர் தெரியும்படி பைகளை வரிசையாக நிறுத்திவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கீழே வரச் சொன்னாள். கடைசிப் பை போகும் வரை அங்கேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொருவராக வந்து எடுத்துப் போனார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கடைசியாக ஸ்ரீனிவாசராகவன் வந்தார். எழுத்து இருந்த பக்கத்தை வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பையைத் தூக்கினார். சகினா வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சார், பேரு வெளிய தெரியற மாதிரி புடிங்க."

பீர் முஹம்மதுதான்.

ஸ்ரீனிவாசராகவன் பையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு படியேறினார். பீர் முஹம்மது ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். கோபம் துளியும் தணியாமல், சகினா பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.